மிச்சம் ஐம்பது ரூபாய்

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றில் வாங்கிய சிம்.
நல்ல நம்பர் மிஸ், கடைசியில் மூன்று ஏழு
என்றான் பெடியன்.
எனக்கு முன்னம் அதை ஒருவர் வைத்திருந்தாரென்று
அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
வாடகை அறையில் இதற்கு முன்
யார் படுத்தெழும்பினாரென்று யார் கேட்கிறார்கள்.

மூன்றாம் நாள், காலை பத்து மணி,
இருமலோடு ஒரு பெண்பிள்ளை.
அருள்நேசன் இருக்கிறாரா?
இல்லை.
எப்ப வருவார்?
வரமாட்டார். இது என்ர நம்பர்.
அப்ப நீங்க அவர்ட மிஸிஸா?

பிறகு மத்தியானங்களில் சிங்களத்தில் ஒருவர்.
மாசக் கடைசியில் இரண்டு மொழியிலும் கத்துகிற இன்னொருவர்.
மருந்துக் கடையில் குளிசை எண்ணும் நேரம் பார்த்து அடிப்பார்கள்.
முப்பத்தொன்பதில் விட்டு
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்: எவ்வளவு?
கடன்படாதவர் கேட்கக்கூடாத கேள்வி அது.
அந்தப் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு
உட்காரும் சத்தம்.
ஏழு தவணை. தண்டப்பணம் வேறு.
பச்சை ஓட்டோ,
ஏபிஜி நாற்பத்துநாலு எழுபத்தொன்று.
பிணை நின்ற மாமா போன மாரியில் செத்துப்போனார்.
கொச்சிக்கடை விலாசத்தில் இப்போது ஸ்டிக்கர் வெட்டுகிறார்கள்.

இப்படித்தான் முகம் தெரியாத ஒரு மனிதர்
தவணை தவணையாக
என்னிடம் வந்து சேர்ந்தார்.

கலியாணம் பேச பம்பலப்பிட்டியிலிருந்து வந்த மாமி
அடித்த போனை எடுத்துக் கேட்டுவிட்டுத் தந்தா:
ஆர் பிள்ளை அருள்நேசன்?
அதனால்தான் பேச்சு நின்றதென்று சொல்லமாட்டேன்.
நின்றது.

கொள்ளுப்பிட்டியில் அவர்களுடைய ஒபிஸ். நல்ல குளிர்.
அடையாள அட்டை, லைட் பில், சிம் வாங்கிய துண்டு
எல்லாம் பரப்பி வைத்தேன்.
நான் நான்தான் என்பதற்குக் கடதாசி இருக்கிறது.
நான் வேறொருவரில்லை என்பதற்கு
எதை எடுத்துக் காட்டுவது?
இதே நகரத்தில் இதே கேள்விக்கு
அப்பா ஒரு இரவு முழுக்க
பொலிஸ் வாங்கில் இருந்தவர்.
அதை அங்கே சொல்லவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன்
தட்டச்சை நிறுத்தாமலே சொன்னான்:
அவரைத் தெரியாதென்று ஒரு கடிதம்.
திங்கட்கிழமை கொண்டு வாங்க.

அன்று வெள்ளி. மாலையில் மழை,
காலி வீதி முழுக்க ஹோர்ன்.
கை நீட்ட முதலே ஒன்று வந்து நின்றது.
ஏறிக் குடையை மடக்கி நிமிர்ந்தால்
சீட்டின் பின்புறம் வெள்ளைப் பெயின்றில்
ஏபிஜி நாற்பத்துநாலு எழுபத்தொன்று.

ஒல்லிப் பிடரி.
கொலரில் பொத்தானுக்குப் பதில் ஊசி.
வைப்பர் வேலை செய்யவில்லை,
கையை வெளியே விட்டுப் பழைய பனியனால் துடைத்தபடி ஓட்டினார்.
தெஹிவளைப் பாலத்தடியில் போன் அடித்தது, என்னுடையது.
நிறுத்தினேன்.
திரும்பவும் அடித்தது.
எடுங்கோ அக்கா, என்றார்,
எனக்காக யோசிக்காதேங்கோ.

மீற்றரில் நானூற்றைம்பது.
ஐந்நூறு கொடுத்தேன்.
சேர்ட் பை, காற்சட்டைப் பை,
அந்தோனியார் படத்துக்குப் பின்னால்.
மாத்தின காசு இல்லை.
பரவாயில்லை, வையுங்கோ என்றேன்.
இல்லையக்கா, கடன் வைக்கக்கூடாது பாருங்கோ,
ஐம்பதுக்கு ரீலோட் போட்டு விடுறன்,
நம்பரைச் சொல்லுங்கோ.

சைபர் ஏழு ஆறு
என்று தொடங்கினேன்.
பெருவிரலை போனுக்கு மேலே வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தார்.
கண்ணிமையில் மழைத்துளி, அல்லது வியர்வை.
மிச்சத்தையும் சொல்லுங்கோ.

மழை, மழை என்று சொல்லி
குடையை விரிக்காமலே ஓடினேன்.

ஞாயிறு இரவு. கடிதம் எழுதி முடித்தாயிற்று.
மேற்படி நபரை எனக்குத் தெரியாது.
வெள்ளி மாலை வரைக்கும் சரியான வசனம்.
அவருக்கும் எனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.
அதுவும் அப்படித்தான்.

ஐம்பது ரூபாய் தரவேண்டியிருக்கிறார்.
பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு
அதை எந்த வரியில் சேர்ப்பதென்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.