கீழ்ச்சுருள்

ஆறு நிமிடம்.
அதற்குமேல் ஷவரில் வருவது நதி.
ரிமூஸ்கியின் ஜனவரி நதி,
பனிப்பாளத்துக்கு அடியில் கறுப்பாய் ஓடுமே, அது.

தலையில் நுரையோடு கத்தினேன்,
சொலாஞ்ஜிடம் சொல்வதுபோல், தரைக்குக் கீழே கேட்கும்படி:
"உன் தம்பியிடம் சொல்லிவை,
இந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் குளிக்கிறார்கள்."

கயேத்தான் அடித்தள அறையில் இருந்தான்.
மத்தானில் காகித ஆலை ஆளைக் குறைத்தபோது
ஒரு பையும் ஒரு தூண்டிலுமாய் நவம்பரில் வந்தவன்.
"இரண்டு வாரம்" என்றான்.
யார் எண்ணப்போகிறார்கள் என்றேன்.
நான்தான் எண்ணினேன்.

மறுநாளிலிருந்து
துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நகராட்சி நீச்சல் குளத்துக்கு நடந்தான்.
திரும்பும்போது ஈரமுடி உறைந்து
கம்பி கம்பியாய் நிற்கும்.
வாசலில் பூட்ஸின் பனியை உதறி
"நல்ல குளிர்" என்பான்.
அவ்வளவுதான்.

பதினோராம் நாள் காலை
அவன் குளிக்காத வீட்டில், சொலாஞ்ஜும் வேலைக்குப் போன பிறகு,
எனக்கு மீண்டும்
அதே ஆறு நிமிடம்.

துண்டோடு கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு பேனலில் இரட்டை பிரேக்கரை இறக்கிவிட்டு
மல்டிமீட்டரோடு கீழே போனேன்.
தொட்டி நிற்பது அவன் கட்டிலுக்குப் பக்கத்தில்.
மரப்பலகைத் தடுப்பு. இருமினால் கேட்கும்.
கத்தினால்
சொல்லவே வேண்டாம்.

மூடியைக் கழற்றி, மஞ்சள் பஞ்சை விலக்கி,
முதலில் கரண்ட் இல்லை என்று இரண்டு தரம் பார்த்தேன்.
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.
அது குதித்திருக்கவே இல்லை.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வயரை அவிழ்க்கையில்
யாரோ அதை மெல்ல வாங்கினார்கள்.
கயேத்தான். உள்சட்டையோடு.
வெளிச்சத்தைச் சரியான இடத்தில் பிடித்தான்.

மேல்சுருள்: பதின்மூன்று ஓம்.
நல்லாயிருக்கிறது.
கீழ்ச்சுருள்
ஓம் என்றும் சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை.
முள்ளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன்.
மீட்டரின் வாய் அடைத்திருந்தது.

"எப்போதிலிருந்து?" என்றான்.
எனக்குத் தெரிந்திருந்தது.
அக்டோபர் கடைசியில் ஒருநாள்
பாத்திரம் கழுவுகையில் கை சில்லிட்டு
சொலாஞ்ஜ் சொன்னாள்.
அவன் வருவதற்கு மூன்று வாரம் முன்னால்.
"தெரியவில்லை" என்றேன்.

தொட்டியைக் காலி செய்ய மாலைவரை ஆனது.
அடிக்குழாயைச் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டது;
அவன் ஒரு கம்பியை வளைத்துக் குத்திக் குத்தித் திறந்தான்.
வெளியே வந்த சுருள்
வெள்ளை ஓடு போர்த்தி, நடுவில் வெடித்து,
வறுத்த நெத்திலிபோல் வளைந்திருந்தது.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
அதைக் கையில் வைத்துக்கொண்டு
நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தேடினேன்.
"வாஷரை மறந்துவிடாதே" என்றான் அவன்.

புதியதைப் பூட்டினோம்.
"நிரம்பட்டும், நிரம்பாமல் போட்டால்
இதுவும் போய்விடும்" என்றேன்,
அவனுக்குத் தெரிந்த ஒன்றை.
மேலே குழாய் காற்றைத் துப்பித் துப்பி இருமி,
ஒரே கயிறாய் ஒழுக ஆரம்பித்ததும்
பிரேக்கரை ஏற்றினேன்.
தொட்டிக்குள் மெல்லிய சீறல்.
இருவரும் கேட்டபடி நின்றோம்.

இரண்டு மணி நேரம் கழித்து,
"முதலில் நீ போ" என்றேன்.
"மாதக் கட்டணம் கட்டிவிட்டேனே" என்றான்.
துண்டைச் சுருட்டினான்.
கதவு திறந்து, பனி கொஞ்சம் உள்ளே வந்து, மூடியது.

ஷவரில் நின்றேன்.
ஆறு. ஏழு. பன்னிரண்டு.
வெந்நீர் வந்துகொண்டே இருந்தது.
பதினைந்து.
தீரட்டும் என்று நின்றேன்.
தீரவில்லை.