இதர செலவு

மேலிடம் என்கிறோம்,
அது கீழே இருக்கிறது,
திண்டுக்கல்லில், மின்விசிறிக்கு அடியில்.
அங்கே சிமெண்ட் மூட்டைக்கு ஒரு விலை வைத்து
அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள்.
தார்ச்சாலை முடிகிற இடத்தில்
அந்த விலையும் மூச்சுவாங்கி நின்றுவிடும்.
அதற்கப்புறம் ஆறு கிலோமீட்டர்
சவரியப்பனின் குதிரைகள்.
குதிரைக்கு இரண்டு மூட்டை,
மழையென்றால் ஒன்று.

மதிப்பீட்டுப் படிவத்தில்
குதிரைக்குக் கட்டம் இல்லை.

நான் ஈச்சம்பள்ளம் ஊராட்சி செயலர்.
பழனி மலையின் தெற்குச் சரிவில்
மூன்று குடியிருப்பு, ஒரு பேரேடு.
பதினொரு வருடமாகக் குதிரையை
இதர செலவு என்று எழுதிவருகிறேன்.
தணிக்கைக்காரர் கேட்டார்:
உங்கள் இதர செலவு ஏன் சாணி போடுகிறது?
இல்லை, அப்படிக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.
சிவப்பு மையில் ஒரு சுழி, அவ்வளவுதான்.

அக்டோபர் இரண்டு, கிராம சபை.
நான்கு நாளாக மழை.
தாண்டுப்பாறைக்காரர்கள் வரும் பாலத்தை
ஓடை கொண்டுபோயிருந்தது.
பாலம் கட்டத்தான் அன்றைய தீர்மானமே.
குறைவெண் வரம்பு ஐம்பது.
பள்ளி வராந்தாவில் எண்ணினேன், நாற்பத்து மூன்று.
கைக்குழந்தையைச் சேர்க்கலாமா என்றார் துணைத்தலைவர்.
மறுபடி எண்ணினேன். நாற்பத்து மூன்று.

தலைவர் மங்கையர்திலகம்
சார்ஜ் போன மைக்கைக் கீழே வைத்தார்.
"அவங்க வர முடியலன்னா
சபையை நகர்த்துங்க."
நகர்த்தினோம்.
பெஞ்சை இரண்டு பேர், பேரேட்டை நான்,
பாலித்தீன் பைக்குள் வைத்து, சட்டைக்குள் விட்டு.

எதிர்க்கரையில் எட்டுப் பேர், ஏழு குடை.
குடையில்லாதவர் பூவாயி,
மூன்றாம் வார்டு உறுப்பினர், பளியர் குடியிருப்பு;
உரச்சாக்கைக் கொங்காணி போட்டிருந்தார்.
தண்ணீர்ச் சத்தத்தில் தீர்மானம் அக்கரை சேரவில்லை.
தலைவர் கையாலேயே பாலம் கட்டினார்,
இரண்டு முழங்கை, நடுவில் கோத்த விரல்.
அங்கே ஏழு குடை மடங்கி
மேலே உயர்ந்தன.

பூவாயி கை தூக்கவில்லை.
வாயருகே கை குவித்துக் கத்தினார்.
மூன்றாவது தடவைதான் கேட்டது:
"எந்த எடத்துல?"

வரைபடத்தில் பாலம் எங்கள் காலடியில் இருந்தது.
சித்திரையில் வந்து
கால் நனையாமல் அளந்துபோன
பொறியாளரின் காலடி அது.
பூவாயி ஓடையோரம் மேலே நடந்தார்.
இக்கரையில் சபையும் நடந்தது,
தலைவர் முன்னால், அட்டை வழுக்கி விழுந்து எழுந்து நான் கடைசியில்.
காட்டுமாடு கடக்கிற வளைவு.
இரண்டு பாறைக்கு நடுவே
ஓடை இடுப்பைச் சுருக்கிக்கொண்டு போகிறது.
அங்கே நின்று
கை தூக்கினார்.

வருகை ஐம்பத்தொன்று என்று எழுதினேன்.
கூட்டம் நடந்த இடம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் யோசித்தது.
ஓடை, இருபுறமும் என்று எழுதினேன்.
அக்கரைக் கையெழுத்துகள்
தண்ணீர் இறங்கிய ஒன்பதாம் நாள் வந்தன,
மூன்று பெருவிரல் உட்பட.

இப்போது மேலிடம் கேட்டிருக்கிறது:
ஒரே சபை இரண்டு கரையில் கூட
எந்த விதியில் இடமுள்ளது?
ஏழு நாளில் விளக்கம் தேவை.
கடிதம் வந்து சேரவே பதினாறு நாள்.

வளைவில் இப்போதைக்கு
இரண்டு மரம் கிடக்கிறது.
எந்தக் காட்டு மரம் என்று
வனத்துறையும் கேட்கிறது.

வாசலில் சவரியப்பன் சேணம் இறுக்குகிறான்.
என் விளக்கம் இரண்டு பக்கம்,
குதிரைக்குக் கனமே இல்லை.
வாடகையை மட்டும்
எங்கே எழுதுவேன் என்று
உங்களுக்கே தெரியும்.