ஏழாம் மேசை

கானாடுகாத்தான். காலை எட்டரை.
பங்களா ஓட்டலாகி ஆறு வருசம்,
நான் பரிமாற வந்து நாலு.

பூரிக்கு வைத்த மசாலாவைக் கரண்டியால் புரட்டி
டொன்னகா சொன்னார்: ப்ராட்டீ.
கோல்ம் தலையாட்டவில்லை: ஃபாட்டீ.
நுவாலா இரண்டையும் ஒதுக்கிவிட்டு
ப்ரேட்டீ என்றாள்.
உருளைக்கிழங்கு ஆறிப்போனது.

அயர்லாந்து சின்னத் தீவு என்றுதான் நினைத்திருந்தேன்.

தெற்கே கெர்ரியில் 'அமடான்' என்று திட்டினால்
கடைசி அசைதான் வந்து அடிக்குமாம்.
மேற்கே கோனமாராவில் அடி முதலிலேயே விழும்,
வால் மட்டும் நீண்டு கிடக்கும்.
வடக்கே டோனிகலில் அந்த வாலையும் நறுக்கிவிடுவார்கள்.
முட்டாள் ஒருவன்தான்.
அவனை மூன்று பேரும் மாறி மாறி
ஒருவர் மேல் ஒருவர் எறிந்து காட்டினார்கள்.
அடுத்த மேசை பெங்களூர்க் குடும்பம்
பில்லைச் சீக்கிரம் கேட்டது.

'இருக்கிறேன்' என்பதற்குக் கெர்ரிக்காரர்
'தாய்ம்' என்று ஒரே சொல்லில் முடித்தார்.
மற்ற இருவரும் 'தா மே' என்று
நானைத் தனி நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள்.
"எங்க ஊரு உங்க கட்சி" என்றேன் டொன்னகாவிடம்,
"இருக்கேன்னா போதும், நான் எதுக்கு?"
ஒரு காபி கூடுதலாக வாங்கினார்.

பரீட்சைக்கு எது என்று கேட்டேன்.
மூன்றுமில்லை.
அரசாங்கம் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் எடுத்து
ஒன்று செய்து வைத்திருக்கிறது.
"அதில் யாரும் மாடு விரட்டினதில்லை" என்றாள் நுவாலா.

பிறகு என்னைக் கேட்டார்கள்,
நீங்கள் எப்படி நலம் விசாரிப்பீர்கள்?
சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு
"நலமாக இருக்கிறீர்களா?" என்றேன்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் சிரிப்பு.
நாகர்கோவில் ஏசுவடியான்,
மரச்சீனி சீவிய கத்தியோடு.
அதே கிழங்கைக் குச்சிக்கிழங்கு என்னும் சேலத்துப் பூவாயி,
மாவுக் கையால் வாயைப் பொத்தி.
எனக்கு அது மரவள்ளி.
எங்கள் சண்டை தீராமல்
பலகையில் மேனேஜர் டாபியோகா என்று எழுதிவிட்டார்.

"யாருகிட்ட வயிரவா அப்படிக் கேட்ட?"
பூவாயி நாள் முழுக்க விடவில்லை.

மறுநாள் மதுரைக்குக் கார் வந்தது.
ஏறும்போது நுவாலா திரும்பி,
எங்கே பொறுக்கினாளோ,
"இருக்கீக்ள?" என்றாள்.
டோனிகல் கத்தரி பட்டிருந்தது.

"இருக்கேங்க."