புகார் வகுப்பு, செவ்வாய் மாலை ஆறரை

கிரிம்ஸ்பியில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
தேவாலயத்தின் பின்கூடத்தில்
குழந்தைகளுக்கான நாற்காலிகளில் முழங்கால் இடிக்க
ஒன்பது பேர்.
அன்றைய பாடம்: குறை சொல்வது எப்படி.

மோரீன் பலகையில் முதல் தொடரை எழுதினாள்.
'ஐ ஆம் அஃப்ரெய்ட்.'
பயமாக இருக்கிறது என்று பொருளில்லை, என்றாள்.
சூப் ஆறிப்போயிருக்கிறது என்று பொருள்.
ட்செகாய் நோட்டில் குறித்துக்கொண்டான்.
ஒரு பாலைவனத்தையும் ஒரு கடலையும் கடந்து வந்தவனுக்கு
பயம் என்ற சொல்லுக்கு நேரே சூப் என்று எழுத
கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்தது 'வித் ரெஸ்பெக்ட்'.
மரியாதையோடு சொல்கிறேன் என்று தொடங்கினால்
மரியாதை அந்த இடத்தோடு முடிந்தது.
'நாட் வெரி ஹாப்பி' என்றால் கொதிக்கிறேன்.
'எ பிட்' என்றால் நிறைய.
'இன்ட்ரஸ்டிங்' என்றால்...
மோரீன் ஜன்னலைப் பார்த்தாள்.
அதை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம்.

'ஐ வாஸ் வொண்டரிங்' வந்தபோது
கோஸ்டெல் கையைத் தூக்கினான்.
கையுறை இன்றைக்குக் கிழிந்திருக்கிறது,
விரல் இன்றைக்கு வெட்டுப்பட்டிருக்கிறது,
யோசித்துக்கொண்டிருந்தேன் என்று
எதற்கு இறந்தகாலம்?
அவள் மார்க்கரின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.
கொஞ்சம் தள்ளி நின்று பேசினால்
எதிரில் இருப்பவருக்கு மூச்சு முட்டாது, என்றாள்.
இங்கே நிற்பவருக்கு?
அவன் கேட்கவில்லை.
அதற்கான வாக்கிய அமைப்பை
இன்னும் நடத்தியிருக்கவில்லை.

பிறகு ஜோடியாகப் பயிற்சி.
டைவா மேற்பார்வையாளர்; கோஸ்டெல், கோஸ்டெல்தான்.
தொந்தரவுக்கு மன்னிக்கவும், என்றான்.
ஒரு சின்ன விஷயம், என்றான்.
மீன்பெட்டிகளின் விளிம்பு சற்றே கூர்மையாக இருக்கிறதோ
என்று யோசித்துக்கொண்டிருந்தேன், என்றான்.
பிழையே இல்லை.
டைவா தலை நிமிராமல்,
இல்லாத ஒரு காகிதத்தைப் புரட்டிக்கொண்டே
'லீவ் இட் வித் மீ' என்றாள்.
கூடமே வெடித்துச் சிரித்தது.
மோரீன் நடத்தாத பாடம்,
ஒன்பது பேருக்கும் மனப்பாடம்.
என்னிடம் விட்டுவிடுங்கள்.
விட்டோம்.
எல்லாம் அங்கேயேதான் இருக்கிறது.

ஷிலான் மட்டும் சிரிக்கவில்லை.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.
யாருமே கழற்றியிருக்கவில்லை.
சுவரோரத்து ரேடியேட்டர்
கீழே இளஞ்சூடு, மேலே சில்லிப்பு,
அக்டோபரிலிருந்து இப்படித்தான்.
நீங்கள் புகார் சொன்னீர்களா, டீச்சர்?
மூன்று கடிதம், என்றாள் மோரீன்.
காது மடல் சிவந்தது.
மூன்றுமே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோஸ்டெல் எழுந்து பையிலிருந்து குறடு எடுத்தான்.
அதைத் தொட அனுமதியில்லை என்று, ஐ ஆம் அஃப்ரெய்ட்,
என்று அவள் ஆரம்பித்து
பாதியில் விட்டாள்.
திருகு கால் சுற்றுத் திரும்பியது.
ஒரு குளிர்காலத்துக் காற்று மொத்தமும்
சீறிக்கொண்டு வெளியே வந்தது,
முன்னுரை இல்லாமல்,
மன்னிக்கவும் இல்லாமல்,
கடைசியில் கறுப்பாய்த் தண்ணீரைத் துப்பிவிட்டு.
யாரோ கைதட்டினார்கள்.
ட்செகாய் தன் கம்பளித் தொப்பியால் தரையைத் துடைத்தான்.

வீட்டுப்பாடம்: வாடகை ஏஜென்டுக்கு ஒரு கடிதம்.
நூற்றைம்பது சொல்.
பலகையில் உள்ள தொடர்களில் ஐந்தாவது வரவேண்டும்.

அடுத்த செவ்வாய் ஷிலான் நீட்டிய தாளில்
இரண்டே வரி.
சுவர் கறுத்திருக்கிறது.
என் மகன் இருமுகிறான்.

மோரீன் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.
'டியர்' இல்லை. 'சாரி' இல்லை.
நூறு சொல்லுக்குமேல் குறைகிறது.
பேனா வெகுநேரம் அந்தரத்தில் நின்றது.
பிறகு சுவருக்கு முன்னால்
விட்டுப்போன 'தி' ஒன்றைச் சேர்த்து,
தாளைத் திருப்பிக் கொடுத்து,
ஸ்டாம்ப் இருக்கிறதா என்று கேட்டாள்.