கூடும் இடம்

முதுகில் ஃபயர் மார்ஷல் என்று எழுதிய
ஆரஞ்சுச் சட்டையை என்னிடம் கொடுத்தார்கள்.
எடைமேடைக்காரி, எல்லாரையும் தெரியும்.
அதுதான் தகுதி.
தஞ்சாவூரில் ஒருநாள் பயிற்சி, சான்றிதழ், தயிர்சாதம்.
ஊசியை இழு, அடியில் குறிவை, அழுத்து,
வாசல் கூட்டுவதுபோல் வீசு.

நீடாமங்கலத்துக்கு மேற்கே எங்கள் மாடர்ன் ரைஸ்மில்.
குறுவை நெல் வரத்தொடங்கினால்
பின்வாசல் மூட்டை அடுக்கும் இடமாகிவிடும்.
"சீசன் முடியட்டும்மா" என்பார் மேனேஜர் வைத்தியலிங்கம்.
தீக்கு ஏது சீசன் என்று கேட்கப்போய்
நான் சொன்னது:
"எட்டு மூட்டைதான் சார், நகர்த்திடுறேன்."
மறுநாள் பத்து இருக்கும்.
லோடுமேன்கள் எனக்கு வைத்த பெயர் பின்வாசல்.

உமித்தீ அவசரப்படாது.
மேலே நீறுபூத்து, கைவைத்தால் வெதுவெதுவென்று,
உள்ளே மூன்று நாளாக
ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருக்கும்.

ஐப்பசி பதினொன்று. இரவு இரண்டு பத்து.
வெளியே அடைமழை, வெண்ணாறு கரை தொட்டு ஓடுகிறது,
உள்ளே எலிவேட்டர் குழியில் புகை.
முதலில் மோந்தவர் பாய்லர் அடைக்கலம்.
மணியடித்தது நான்.
முன்பக்கம் கண் தெரியவில்லை.
எல்லாரும் பின்வாசல் வழியாக
(அன்றைக்கு நகர்த்தியது பதினான்கு)
பூவரச மரத்தடிக்கு.

பதிவேட்டைப் பாலித்தீனில் சுற்றிக்கொண்டு
பெயர் வாசித்தேன்.
ஏட்டில் நாற்பத்து மூன்று.
மரத்தடியில் ஐம்பத்தொன்று.

குறைந்தால் என்ன செய்வதென்று
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
கூடினால்?

எட்டுப் பேர். காண்ட்ராக்ட்.
உமிக்கிடங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்
படுத்திருந்தவர்கள்.
அவர்கள் தோளில் வந்ததையெல்லாம்
கிராம் பிசகாமல் ஆறு மாதமாக எழுதியவள் நான்.
அவர்கள் வெளியே வராமலே போயிருந்தாலும்
என் கணக்கு சரியாக வந்திருக்கும்.
நாற்பத்து மூன்று, அனைவரும் பத்திரம் என்று
கையெழுத்தும் போட்டிருப்பேன்.

தீயணைப்பு வண்டி வந்தது, குழி நிரம்பியது.
காலையில் அறிக்கை:
ஒரு பெல்ட், பதினோரு மூட்டை. உயிர்ச்சேதம் இல்லை.
அவ்வளவுதான்.

ஏட்டின் பின்னட்டையில் பென்சிலால் எழுதினேன்.
பிர்ஜூ மாஞ்சி. ராம்பலி.
கடைசிப் பையன் பெயரில் ஓர் ஓசைக்குத்
தமிழில் எழுத்தில்லை.
மூன்று முறை சொன்னான்.
மூன்றாவது முறை சிரித்துவிட்டான்.
ஜப்பு என்று எழுதி, அடித்து, மறுபடி ஜப்பு.

மறுநாள் பின்வாசலில் பன்னிரண்டு மூட்டை.
குனிந்தேன்.
மறுமுனையை ஜப்பு பிடித்தான்.