ஏழாம் நம்பர் மலை

கண்டியில் கையொப்பம் கேட்டபோது
பேனையை வாங்கிக்கொண்டு ஒன்று கேட்டேன்:
எத்தனை துளை?

"ஒன்று" என்றார் டொக்டர் அபேகோன்.
"இடுப்பெலும்பில், பின்பக்கம்."

ஒன்று!
பதினாறு வருடமாய் மண் எடுக்கிறவள் நான்.
ஏழாம் நம்பர் மலை ஒன்பது ஹெக்டேயர்,
அதற்கே இருபது துளை.
மேட்டில், தொங்கலில், கான் ஓரத்தில்,
அட்டை காலில் ஏறும் ஈரத்தில்,
ஜெபமாலை துளைகோலைத் திருக
நான் பையில் எண் எழுதுவேன்.
ஒரே துளையை நம்பி உரம் போடச் சொன்னால்
துரை என்னை மலையை விட்டே இறக்கியிருப்பார்.

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.
"அதனால்தானே முதலில் படம் எடுத்தோம்."

படம் எடுத்தது கொழும்பில்.
தலவாக்கலையில் வெறும் வயிற்றோடு ரயில் ஏறினேன்.
அட்டனில் ஏறிய குடும்பம் ரொட்டியைப் பிரித்தது,
சம்பல் வாசம் நாவலப்பிட்டி வரை கூடவே வந்தது.
அங்கே கதிர் கலந்த சீனியை நரம்பில் ஏற்றி
ஒரு மணி நேரம் சும்மா கிட என்றார்கள்.
பேசினால் தொண்டை தின்றுவிடுமாம்,
அசைந்தால் தசை தின்றுவிடுமாம்.
தரையில் சீனியைச் சிந்திவிட்டு
எறும்பு எந்தப் பொந்திலிருந்து வருகிறதென்று
பார்த்திருக்கும் வேலைதான்.

கழுத்து ஒளிர்ந்தது. அக்குள் ஒளிர்ந்தது.
மூளையும்.
அது எப்போதும் தின்னும், பயப்படாதே என்றார்கள்.
எலும்பெல்லாம் இருட்டு.
றிப்போர்ட் இங்கிலீஸில்.
உறையின் பின்னால் ஒரு பிள்ளை தமிழில் எழுதித் தந்தாள்:
என்பு மச்சையில் நோய் தென்படவில்லை.
தென்படவில்லை.
ஏறி வரும் ரயிலில் அந்தச் சொல்லையே பார்த்திருந்தேன்.
இல்லை என்று எழுதவில்லை அவள்.

போன வருடம் ஆகாயப் படத்தில்
ஏழாம் நம்பர் பச்சைப் பசேல்.
தோண்டினால் வேர் முழுக்கப் புழு.
அதற்கு முந்திய வருடம்
இருபது பையும் சுத்தம்;
எந்தத் துளையும் விழாத ஒரு மூலையில்
நாற்பது செடி நின்றபடி காய்ந்திருந்தது.

கையொப்பம் வைத்தேன்.

ஒருக்களித்துப் படுத்து
முழங்காலை நெஞ்சுக்கு மடக்கினேன்.
மரக்கும் ஊசி தோலுக்குத்தான்.
உறிஞ்சும்போது, குதிகால் வரைக்கும்
யாரோ கம்பியைப் பிடித்து இழுத்தார்கள்.
பிறகு அவர் மணிக்கட்டைத் திருப்பினார்,
வலம், இடம், வலம்.
எனக்குத் தெரிந்த அசைவு.
சரளையில் முட்டினால் ஜெபமாலையும் அப்படித்தான்,
கெட்ட வார்த்தை மட்டும் கூட வரும்.

காட்டச் சொல்லிப் பார்த்தேன்.
அரைத் தீக்குச்சி நீளம், செம்மண் நிறம்.
போத்தலில் என் பெயர் பாலக்கொடி என்றிருந்தது.
பவளக்கொடி, என்றேன்.
மாத்தி எழுதும்வரை எழும்பவில்லை.
எண் பிழைத்த பை எந்த மலைக்கும் சொந்தமில்லை.

மூன்று கிழமை.

"இருக்கிறது" என்றார்.
"நூற்றுக்குப் பதினைந்து. சின்னச் செல்கள்,
எலும்புச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு.
மெதுவான சாதி. சீனிக்கு ஓடி வராது."

பக்கத்துக் கட்டில் குசுமாவதிக்குத் தலைகீழ்.
அவளுக்குத் துளை சுத்தம்,
தொடையெலும்பில் ஒரு சொட்டு வெளிச்சம்.
என் தாளை அவளும் அவள் தாளை நானும்
வாசிக்கத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.
தேத்தண்ணி ஆறிவிட்டது.

எது மெய் என்று கேட்டேன்.
இரண்டையும் ஒரே பைலில் வைத்துக் கட்டினார்.

மருந்து திங்கட்கிழமை தொடங்கும்.
இன்று வெள்ளி, மழை விட்டிருக்கிறது.
இடுப்பில் கைவைத்தபடி ஏழாம் நம்பர் ஏறினேன்.
இருபதும் முடிந்து ஜெபமாலை கோலைத் துடைத்தான்.
இன்னொன்று போடு, என்றேன், அந்தா அங்கே.
அங்கே என்ன இருக்கிறது, என்றான்.
தெரியாது.

இருபத்தொன்றாம் பைக்குப்
பட்டியலில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.