தொங்கல் காம்பரா, மேற்குச் சுவர்

சுவரில் நாலு துளை போட்டேன்,
உள்ளிருந்து ஓர் அங்குலத்தில், நாலில், எட்டில், பன்னிரண்டில்.
துளைக்கொரு உணரி, உணரிக்கொரு வால்,
வால்கள் நாலும் போய்ச் சேர்வது ஒரு பிஸ்கட் டின்னுக்குள்.
"ரேடியோவா மிஸ்?" என்றான் டிலுக்ஷன்.
ஈரத்தைக் கேட்கிற ரேடியோ என்றேன்.
"பேசுமா?"
பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை, ஓர் எண்.

அக்கரப்பத்தனையில் பஸ்ஸை விட்டிறங்கி
நாலு கட்டை ஏறினால் இந்த லயம்.
கடைசிக் காம்பரா என்பதால்
அதற்கு மட்டும் மூன்று பக்கமும் மழை.
கருங்கல், களிமண், சுண்ணாம்பு,
அதன்மேல் ஏதோவொரு தேர்தலுக்கு அடித்த நீலம்.

என் கணக்கில் சுவரென்பது
முக்கால் கல், கால் இல்லாமை.
அந்தக் காலுக்குள்தான் எல்லாம்:
நீர் கொஞ்சம், ஆவி கொஞ்சம், மீதி காற்று.
சூடு ஈரத்தைத் தள்ளும்;
ஈரம் ஆவியாகிப் போகையில் சூட்டைக் கையோடு கொண்டுபோகும்.
ஆளுக்கொரு சமன்பாடு,
ஒன்றை விட்டு மற்றதைத் தீர்க்க முடியாது,
புருசன் பெண்சாதி வழக்கு மாதிரி.
சுவரை நூற்றி நாற்பது துண்டாக்கி
துண்டுக்கும் துண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் எழுதினேன்.
ஏறிய வழியில் ஈரம் இறங்காது;
அதற்கும் ஒரு வளைகோடு வைத்தேன்.

மே மாதம் முழுக்கக் கோடும் புள்ளியும் ஒட்டி நடந்தன.
ஜூனில் பிரிந்தன.
வெளிப்பக்கத்து மூன்றும் சொன்னபடி கேட்டன.
உள்ளே, ஓரங்குலத்தில் இருந்தது மட்டும்
இரவு ஏழு மணிக்குக் கிளம்பி
விடியற்காலை ஐந்துவரை எனக்கு மேலே நின்றது.
நான் எண்பத்தொன்று என்றேன்.
சுவர் தொண்ணூற்று மூன்று என்றது.

தகரக் கூரையைச் சந்தேகித்தேன்.
உணரியை மாற்றினேன்.
பரவல் கெழுவை இரட்டிப்பாக்கினேன், கோடு பொருந்தியது.
பேராதனையில் என் மேற்பார்வையாளர் சிரித்தார்:
"இப்படியொரு மண் இருந்தால்
அதில் தேயிலை நிற்காது, நெல்லுதான் நடலாம்."

மிச்சத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன்.
ராத்திரிக்கு ஒன்றரை லீற்றருக்குச் சற்று மேல்.
தூங்குகிற ஆள் ஒருவர் மணிக்கு நாற்பது கிராம்
காற்றுக்குக் கொடுக்கிறார்.
படிவத்தில் 'வீட்டில் வசிப்போர்: நால்வர்' என்றிருந்தது,
என் கையெழுத்துத்தான்.
பேனாவை வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பேட்டரி தீர்ந்தது என்று சாக்குச் சொல்லி
ஓர் இரவு போனேன். சாக்குமில்லை, தீர்ந்துதான் இருந்தது.
டோர்ச் வெளிச்சத்தில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.
புஷ்பகாந்தி, அவள் புருசன், பிள்ளைகள் இரண்டு.
அவர்களுக்கு அப்பால், சுவரோடு சுவராக,
தம்பி, தம்பி பெண்சாதி, கைக்குழந்தை,
ஈரத் துணிக் கொடியின் கீழே ஒரு பையன்.

"மேல் லயத்துல செவப்புக் கடதாசி ஒட்டிட்டாங்க மிஸ்,
மண்ணு சரியுமாம்.
பேரு அங்கதான் இருக்கு. இங்க இருக்கிறது தெரிஞ்சா
அந்தக் காம்பராவ வெட்டி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."
பிறகு டின்னைப் பார்த்தாள்.
"இது கிளாக்கரய்யாவுக்குச் சொல்லுமா?"

சொல்லும்.
வகுக்கத் தெரிந்த எவருக்கும் சொல்லும்.

அறிக்கையில் இப்படி எழுதினேன்:
உள் மூலம், சமையல், துணி உலர்த்தல், சுவாசம், எல்லாம் சேர்த்து.
எது எவ்வளவு என்று பிரிக்கவில்லை.
கோடு பொருந்தியது.
எதைப் பிரிக்கவில்லை என்று எவரும் கேட்கவில்லை,
ஓர் அடிக்குறிப்பின் காற்புள்ளியைத்தான் திருத்தச் சொன்னார்கள்.

மூன்று நாளாக மழை.
சிவப்புக் கடதாசிக்கு மேலே
அதே களிமண், அதே கால் இல்லாமை,
அதற்குள் நீர் ஏறிக்கொண்டிருக்கிறது.
சமன்பாடு என்னிடம் இருக்கிறது.
அங்கே துளை போட
நிதி கேட்டு எழுதியிருக்கிறேன்.